காயம் நமக்கு, லாபம் கம்பெனிக்கு!

ஒலக்கூர் ரயிலடியிலும் திண்டிவனம் பஸ் நிலையத்திலும் விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்டு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். முகங்களைப் பார்க்க வேண்டாம். கைகளையும் கால்களையும் பாருங்கள்.

கரும்பு வெட்டுகிறவரின் முன்கை முழுவதும் தோகை அறுத்த கீறல். கதிர் அறுக்கும் அம்மாளின் இடதுகை விரலில் அரிவாள் பட்ட தழும்பு. நடவுக்குப் போகும் பெண்களின் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். அரிசி ஆலைத் தொழிலாளியின் ஒரு விரலில் நகமே இல்லை. பெல்ட் பறித்துக்கொண்டு போய்விட்டது. கல் உடைக்கிறவரின் கணுக்காலில் சில்லு தெறித்த புண். மரக்காணம் உப்பளத்தில் இறங்குகிறவரின் பாதத்தில் வெடிப்பு. அந்த வெடிப்போடு நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும்.

முதலாளிக்கு நிலம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, பாங்கியில் பணம் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? இந்தக் கையும் காலும்தான். ஆலையில் ஒரு பேரிங் உடைந்தால் அன்று மாலைக்குள் விழுப்புரத்திலிருந்து புதியது வந்து சேருகிறது. தொழிலாளியின் விரல் பிளந்தால் என்ன வந்து சேருகிறது? இந்தச் சின்னக் கேள்விக்குள்ளே பெரிய அநீதி ஒன்று ஒளிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் வரும் வினை

வயலில் அரிவாள் பட்டால் என்ன நடக்கிறது? புடவைத் தலைப்பைக் கிழித்து ஒரு கட்டு. வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவுவார் ஒருவர். காபித்தூளை அப்பச் சொல்வார் இன்னொருவர். ஆலையில் என்றால் இயந்திரம் துடைக்கும் பனியன் வேஸ்டுதான் கட்டுத்துணி. "இதெல்லாம் ஒரு காயமா? போய் வேலையைப் பார்" என்பார் மேஸ்திரி.

முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் விண்விண் என்று தெறிக்கும். மூன்றாம் நாள் விரல் வீங்கி, அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல் வந்து ஆளைப் படுக்கையில் தள்ளும். நாட்கூலி 400 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் படுத்தால் 4,000 ரூபாய் போயிற்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். குழுக்கடன் தவணை வாசலில் வந்து நிற்கும். கந்துவட்டிக்காரன் கதவைத் தட்டுவான். உடம்பில் சர்க்கரை நோய் வேறு இருந்துவிட்டால், காலில் பட்ட முள் காலையே வாங்கிவிடும்.

இத்தனை நாசத்தையும் தடுக்க முதல் நாளே என்ன தேவைப்பட்டது? ஒரு குடம் சுத்தமான தண்ணீர், ஒரு துண்டு சோப்பு, ஒரு சிறு புட்டி மருந்து, சுத்தமான கட்டுத்துணி, ஓர் ஊசி. இவ்வளவுதான்! இது கிடைக்காமல் போனதற்கு விதி காரணமா? இல்லை. வேலை வாங்குகிறவன் அதைச் செலவு என்று நினைக்கிறான். நாம் அதை உரிமை என்று இன்னும் நினைக்கவில்லை. அதுவே காரணம்.

கை கழுவியதால் பிழைத்த உயிர்கள்

புண் ஏன் சீழ் பிடிக்கிறது? இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட "கிருமி" என்று பதில் சொல்லும். ஆனால் இந்த உண்மை உலகத்துக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை.

1847-ம் ஆண்டு. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி. அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள்! அந்த ஏப்ரல் மாதத்தில் அங்கே நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் மாண்டார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு டாக்டர்கள் நேரே பிரசவ வார்டுக்கு வந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். ஜூன், ஜூலை மாதங்களில் சாவு நூற்றுக்கு இரண்டு, ஒன்று என்று இறங்கிவிட்டது.

அந்தக் கரைசல் வேறொன்றுமில்லை. நம் பஞ்சாயத்துக் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் போடுகிறார்களே, அந்த பிளீச்சிங் பவுடர்தான்! தங்கமும் இல்லை, தந்தமும் இல்லை. அற்ப விலைச் சரக்கு.

பெரிய மனிதர்கள் ஏற்றுக்கொண்டார்களா? "எங்கள் கை அழுக்கா?" என்று சீறினார்கள். செம்மல்வைஸ் வேலையிழந்தார், கடைசியில் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, புண்ணில் சீழ் பிடித்து, 1865 ஆகஸ்ட் 13 அன்று மாண்டார். அதற்கு முதல் நாள்தான் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் எலும்பு வெளியே தெரிகிற முறிவு என்றால் காலை வெட்டுவார்கள். இல்லையேல் ஆள் சாவான். அந்தச் சிறுவன் காலோடு நடந்து வீட்டுக்குப் போனான்!

இது மனிதகுலம் முழுவதற்கும் சொந்தமான அறிவு. இதற்கு யாரும் இன்று வாடகை கேட்க முடியாது.

புட்டிக்குள் இருப்பது என்ன?

ஆனால் கடைக்குப் போனால் என்ன பார்க்கிறோம்? பளபளக்கும் லேபிள், பயமுறுத்தும் விளம்பரம். லேபிளைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதைப் பார்ப்போம், தோழர்களே.

டெட்டால் என்று விற்கிறார்களே, அதில் கிருமியைக் கொல்லும் பொருளின் பெயர் குளோரோசைலினால். அதை அப்படியே ஊற்றினால் புண்ணின் சதை எரியும். லேபிளில் சொல்லியபடி தண்ணீர் கலந்தே பயன்படுத்த வேண்டும். சாவ்லான் என்ற திரவத்தில் இருப்பவை செட்ரிமைடும் குளோர்ஹெக்சிடினும். ஆஸ்பத்திரியில் நர்சம்மா தடவும் செம்பழுப்பு மருந்து போவிடோன் அயோடின், 1950களில் வந்தது. பழைய டிங்சர் அயோடினைப் போல அவ்வளவு எரியாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குளோர்ஹெக்சிடினும் போவிடோன் அயோடினும் இருக்கின்றன. ஸ்பிரிட் காயமில்லாத தோலுக்கும் கைக்கும் உரியது. திறந்த புண்ணில் ஊற்றினால் கிருமியோடு நம் சதையையும் வதைக்கும்.

இந்தப் பொருட்களெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை. பொருள் மலிவு, பெயருக்குத்தான் விலை. அந்தப் பெயரையே சந்தையில் மாடு விற்பது போல விற்கிறார்கள். சாவ்லான் என்ற பெயரை 2015-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியிடமிருந்து ஐ.டி.சி. வாங்கியது. சிகரெட் விற்றுக் கொழுத்த கம்பெனி, காயத்துக்கு மருந்தும் விற்கிறது!

பயத்தை விற்கிற வியாபாரம்

"கிருமிகளைக் கொல்லும் சோப்பு" என்று வேறு ஒரு சரக்கு. சாதாரண சோப்பில் குளித்தால் பிள்ளைக்கு நோய் வரும் என்று தாய்மாரைப் பயமுறுத்தி, கூலிக்காரன் பையிலிருந்து கூடுதல் காசைப் பிடுங்குகிற வித்தை.

இதைப் பற்றி அமெரிக்க சர்க்காரின் மருந்து நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? "சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட உங்கள் சரக்கு மேலானது என்பதற்கு ஆதாரம் கொடுங்கள்" என்று கம்பெனிகளிடம் கேட்டது. கம்பெனிகளால் கொடுக்க முடியவில்லை. 2016 செப்டம்பரில் டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பான் உட்பட 19 பொருட்களை வீட்டு உபயோகக் கிருமிநாசினி சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அது முடிவு சொன்னது. குளோரோசைலினால் உள்ளிட்ட மூன்று பொருட்களுக்கு மேலும் ஆதாரம் கேட்டு முடிவைத் தள்ளிவைத்தது. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே கதை இதுதான்! அந்த முடிவு தினசரி கழுவும் சோப்பைப் பற்றியது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடும் மருந்தைப் பற்றியது அல்ல. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. காயத்துக்கு மருந்து வேண்டும். அன்றாடக் குளியலுக்குச் சாதாரண சோப்பே போதும்.

ஏன் போதும்? சோப்பு எண்ணெயையும் அழுக்கையும் தோலிலிருந்து பெயர்க்கிறது. அழுக்கோடு கிருமியும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகிறது. வெறிநாய் கடித்தால் முதலில் என்ன செய்யச் சொல்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்? கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்கிறது. பிறகு தாமதமின்றி தடுப்பூசி. உயிரைக் கொல்லும் விஷக்கிருமிக்கே முதல் ஆயுதம் சோப்பும் தண்ணீரும்தான்!

அந்தச் சோப்பின் மீது சர்க்கார் என்ன செய்தது? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்புக்கு 18 சதவீத வரி. எட்டு ஆண்டு நம் அழுக்கைக் கழுவவும் வரி கொடுத்தோம். சர்க்கார் நினைத்தால் விலையைக் கட்டுப்படுத்த முடியாதா? முடியும். கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், கை கழுவும் சானிடைசரை 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று அதே மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. நோய் பங்களாவுக்குள் நுழைந்தபோது முடிந்தது, குடிசைக்குள் இருக்கும்போது ஏன் முடியவில்லை?

மஞ்சளையும் விடவில்லை!

நம் பாட்டிமார் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். 1995 மார்ச்சில் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு "பேடண்ட்" கொடுத்தார்கள். நம் அடுப்பங்கரையில் இருக்கும் மஞ்சளுக்கு அங்கே சொந்தக்காரன்! இந்தியாவின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய ஏடுகளையும் நூல்களையும் ஆதாரமாகக் காட்டி வழக்காடியது. 1997 ஆகஸ்டில் அந்த பேடண்ட் ரத்தாயிற்று. பொதுத்துறை விஞ்ஞானிகள் இல்லாவிட்டால் யார் போய் நின்றிருப்பார்கள்?

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பது உண்மை. ஆனால் கடையில் விற்கும் மஞ்சள் தூள் சுத்தம் செய்த மருந்து அல்ல. ஆழமான காயத்தில் அதைத் திணிக்கக் கூடாது. சுண்ணாம்பு, காபித்தூள், சாணம், கிரீஸ், மண்ணெண்ணெய், பீடிச் சாம்பல் எதுவும் கூடாது. மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமியின் வித்து கிடக்கிறது. எந்தப் புட்டி மருந்தும் அதை முழுவதும் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. தடுப்பூசிதான் காப்பு. பிரசவித்த தாயையும் பச்சைக் குழந்தையையும் கொன்றுகொண்டிருந்த ரணஜன்னியை இந்தியா ஒழித்த நிலையை எட்டியது என்று 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அதைச் சாதித்தது விளம்பரக் கம்பெனி அல்ல. கிராமம் கிராமமாக ஊசிப் பெட்டியைத் தூக்கி நடந்த சுகாதார நர்சுகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும்தான்.

மலிவு மருந்து கொடுத்த கைகளை வெட்டினார்கள்

மலிவான மருந்து மக்களுக்கு வேண்டும் என்று எண்ணியவர்கள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. 1892-ல் கல்கத்தாவில் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் பெங்கால் கெமிக்கல்ஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பினாயில் முதல் மருந்து வரை அங்கே தயாராயின. பிற்காலத்தில் அது சர்க்கார் உடைமையாயிற்று. 1961-ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்துக் கம்பெனி பிறந்தது. ரிஷிகேசத்திலும் ஐதராபாத்திலும் மருந்து. சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள்.

இன்று? 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐ.டி.பி.எல்.லை மூடவும் பெங்கால் கெமிக்கல்ஸை விற்கவும் முடிவெடுத்தது. பெங்கால் கெமிக்கல்ஸ் தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். பொதுத்துறையை ஒடித்துவிட்டால் மருந்து விலையை யார் தீர்மானிப்பார்கள்? விளம்பரக்காரன்தான்.

சட்டம் எங்கே, பெட்டி எங்கே?

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தெளிவாகச் சொன்னது: 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டிக்குக் குறையக் கூடாது, பெட்டிக்குப் பொறுப்பாகப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தனி சிகிச்சை அறை வேண்டும், கை கால் கழுவ வசதி வேண்டும். சட்டப் புத்தகத்தில் பெட்டி இருந்தது. ஆலையில்? மானேஜர் அறையில் பூட்டிக் கிடந்தது! திறந்தால் காலாவதியான மருந்து, துருப்பிடித்த கத்தரிக்கோல்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் "போதுமான" முதலுதவிப் பெட்டிகள் வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை பெட்டி என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. எது போதும் என்று யார் சொல்வது? காயம் பட்டவனா, கணக்குப் பார்ப்பவனா? மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது, இப்போது 20 பேர் என்றாகிவிட்டது. நம் பக்கத்துச் சிறு அரிசி ஆலைகளில் எத்தனையில் 20 பேர் வேலை செய்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள், சூழ்ச்சி புரியும்.

விவசாயத் தொழிலாளியின் கதை இதைவிடக் கேவலம். பண்ணையார் நிலத்தில் எந்தப் பெட்டியும் கிடையாது. 2005-ம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத்தலத்தில் குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியது. வேலையில் அடிபட்டால் இலவச சிகிச்சை என்றும் எழுதியது. 2006 பிப்ரவரியில் அத்திட்டம் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. இத்தனை ஆண்டுகளில் ஏரி வேலையில், வாய்க்கால் வேலையில் அந்தப் பெட்டியைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்கு மாற்றாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். சட்டத்தின் பெயரை மாற்றலாம்; மண்வெட்டி பட்ட காலில் வரும் ரத்தத்தின் நிறம் மாறுமா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

முதலாளியை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது நேர்மை அல்ல. நமது சங்கங்களின் கோரிக்கை மனுக்களை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது, போனஸ் இருக்கிறது, பட்டா இருக்கிறது. எல்லாம் நியாயம். தண்ணீர்க் குழாயும் சோப்பும் முதலுதவிப் பெட்டியும் எங்கே? "இது சின்ன விஷயம்" என்று நாமே ஒதுக்கிவிட்டோம். சின்ன விஷயம் என்று விட்ட கீறல்தான் மூன்றாம் நாள் நெறி கட்டுகிறது! வாங்கிய கூலி உயர்வை ஒரே ஒரு காயம் விழுங்கிவிடுகிறது.

ஆகவே, காயம் பட்டால் நாம் செய்ய வேண்டியது:

முதலாவது, சுத்தமான துணியை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள். நிற்காவிட்டால் அழுத்திய கையை எடுக்காமலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாவது, குழாய்த் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ மண்ணும் தூசியும் போகும்வரை கழுவுங்கள். காயத்தைச் சுற்றிச் சோப்புப் போடுங்கள். மூன்றாவது, போவிடோன் அயோடினோ, தண்ணீர் கலந்த கிருமிநாசினியோ தடவி, சுத்தமான துணியால் கட்டுங்கள். கட்டு நனைந்தால் மாற்றுங்கள். நான்காவது, ரணஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே இலவசம். ஆழமான காயம், துருப்பிடித்த இரும்பு, பிராணிக் கடி என்றால் அன்றைக்கே போங்கள். புண்ணோடு சேற்றில் இறங்குகிறவருக்கு எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. சேற்றுப்புண் உள்ள மாதர் வேலை முடிந்ததும் கால் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். ஆறாவிட்டால் களிம்பு கேட்டு வாங்குங்கள். இலவச மருந்து பிச்சை அல்ல, நம் வரிப்பணம்.

சங்கங்கள் கோர வேண்டியது:

ஆலை பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றிலும் தொழிலாளி கை எட்டும் இடத்தில், பூட்டில்லாத முதலுதவிப் பெட்டி வேண்டும். பெட்டியை மாதம் ஒருமுறை தொழிலாளர் பிரதிநிதி திறந்து பார்க்க வேண்டும். ஆலையிலும் குவாரியிலும் உப்பளத்திலும் நல்ல தண்ணீரும் சோப்பும் வேண்டும். கரும்பு வெட்டும் கோஷ்டிக்கும் நடவுக் கோஷ்டிக்கும் வேலை கொடுக்கிறவர் செலவில் ஒரு பெட்டி வேண்டும். வேலையில் பட்ட காயத்துக்குப் படுத்த நாட்களுக்குக் கூலி வேண்டும். சர்க்கார் வேலைத்தலம் ஒவ்வொன்றிலும் சட்டம் சொன்ன பெட்டி கண்ணில் பட வேண்டும்.

வழி இருக்கிறதா? இருக்கிறது. மே தினத்தன்று ஊராட்சி தோறும் கிராம சபை கூடுகிறது. ஒலக்கூர் ஒன்றியத்தின் ஒவ்வொரு கிராம சபையிலும் விவசாயத் தொழிலாளர்கள் எழுந்து நின்று, "எங்கள் வேலைத்தலத்துப் பெட்டி எங்கே?" என்று கேட்கட்டும். தீர்மானம் எழுதும்வரை உட்கார வேண்டாம்.

பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிக்கு 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் பலியானார்கள். அந்த ரத்தத்தின் பலனாக அடுத்த ஆண்டே அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எட்டு மணி நேரத்தை வாங்கிய வர்க்கத்தால் ஒரு சோப்பையும் ஒரு மருந்துப் புட்டியையும் வாங்க முடியாதா?

இந்தக் கை நாட்டுக்குச் சோறு போடுகிறது, துணி நெய்கிறது, சாலை போடுகிறது. அந்தக் கையைச் சீழ் பிடிக்க விட மாட்டோம். அடுத்த கோரிக்கை மனுவில் முதலுதவிப் பெட்டியை முதல் வரியில் எழுதுங்கள், தோழர்களே!